சல்லியில் நூர்க்காத றேடியோ

முத்தலிப் ஒரு தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினால் அந்தத் தெருவில் பாட்டு நின்றுவிடும். அவர் கெட்ட மனிதர் என்பதால் அல்ல. அவர் பார்த்த உத்தியோகம் அப்படி.

அறுபத்துமூன்றாம் ஆண்டு திருகோணமலைத் தபாற் கந்தோரில் வானொலி அனுமதிப்பத்திரப் பரிசோதகராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் வீட்டில் றேடியோ வைத்திருப்பவர்கள் வருடா வருடம் லைசன் எடுக்க வேண்டும். எடுக்காத வீட்டைக் கண்டுபிடித்து நோட்டீஸ் எழுதுவதும், அதற்கும் அசையாவிட்டால் றேடியோவுக்கு முத்திரை வைத்துக் கொண்டுவருவதும் அவர் வேலை. கண்டுபிடிக்க அரசாங்கம் அவருக்கு ஒரு கருவியும் தரவில்லை. சைக்கிளும், தோல் பையும், நோட்டீஸ் புத்தகமும்தான் தந்தது. மீதியைக் காது பார்த்துக்கொண்டது.

அந்தக் காது நல்ல காது. அதுதான் சிக்கல். பாட்டு என்றால் முத்தலிப்புக்கு உயிர். ஆனால் வீட்டில் றேடியோ இல்லை. மூதூரில் பிறந்தவர் கிண்ணியாவில் பெண் எடுத்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி மனைவி வீட்டிலேயே குடியிருந்தார். மாமனார் முஹம்மது தம்பி யுத்த காலத்தில் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று காலையில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உயிர் தப்பிவிட்டது. காதுக்குள் மட்டும் ஓர் இரைச்சல் புகுந்துகொண்டு இருபத்தைந்து வருடமாக வெளியே போகவில்லை. அதன் மேல் வேறு எந்தச் சத்தம் விழுந்தாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவார். அந்த வீட்டில் சட்டியைக் கூடத் துணி விரித்துத்தான் வைப்பார்கள். றேடியோ வாங்கும் பேச்சு ஒருநாளும் எழவில்லை.

ஆகவே முத்தலிப் பாட்டுக் கேட்டது தெருவில்தான். பின்னேரம் துறையடியில் பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறி, வண்டிகளோடும் மாடுகளோடும் நின்று ஆற்றைக் கடந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடிந்த பிறகு, குசினியில் மனைவி நஜ்முன் நிஸா தாழ்ந்த குரலில் கேட்பாள்.

"இண்டைக்கி என்ன கேட்டீங்க?"

"டொக்யார்ட் றோட்டில ஒரு பொம்புளை பாடினா. நல்ல குரல். ஆத்துக்கு இங்கால நிண்டு அங்கால நிக்கிற ஆரையோ கூப்பிடுற மாதிரி."

"பொறகு?"

"பொறகு நிண்டுட்டு."

"ஊரில மத்தவன் பெண்டாட்டிக்கு முழுப் பூசணிக்காய் கொண்டுவாறான். எனக்கு வாய்ச்சவர் பாதிப் பாட்டுக் கொண்டுவாறார்" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மறுநாளும் கேட்பாள். தன் கணவனின் பாதிப் பாட்டுகளைத் தவிர அவளுக்கும் வேறு சங்கீதம் இருக்கவில்லை.

பாதிப் பாட்டுகளில் ஒன்று முத்தலிப்பை விடாமல் பிடித்துக்கொண்டது. அது பாட்டும் இல்லை, வெறும் வயலின். முதல் தடவை திருஞானசம்பந்தர் வீதிப் பக்கத்தில் ஒரு ஜன்னலிலிருந்து வந்தது. மெல்ல ஏறியது, ஏறிய இடத்தில் கொஞ்சம் தயங்கியது, இன்னும் ஒரு படி ஏறப்போகிறது என்று அவர் சைக்கிளை மிதிக்காமல் உருளவிட்ட நேரத்தில் சட்டென்று அறுந்தது. ஜன்னலும் சாத்திக்கொண்டது. பிறகு அதே வயலினை உப்புவெளியில் கேட்டார், நிலாவெளி போகும் வழியில் கேட்டார், சல்லியில் பல தடவை கேட்டார். எப்போதும் பிற்பகல் மூன்றரை மணிக்குக் கொஞ்சம் முன்னால். ஒருநாளும் அந்தத் தயக்கத்துக்கு அப்பால் கேட்கக் கிடைக்கவில்லை. அதற்குள் அவரை யாராவது கண்டுவிடுவார்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், கேட்கக் கூடாத ஆள் அவர். உலகத்தில் எவரும் எவரிடமும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்வி அது: "இப்ப என்ன கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்?" அதை அவர் வாய் கேட்டால் விசாரணை ஆகிவிடும்.

"பாட்டோ? எங்கட வீட்டில றேடியோவே இல்லை ஐயா."

"பின்னை அந்த வயலின் சத்தம்?"

"அது பக்கத்து வீடு."

பக்கத்து வீட்டில் கேட்டால், "அது முன்வீட்டில ஐயா." முன்வீட்டில், "எங்களுக்கு ஏது? கோடி வீட்டிலதான் எந்நேரமும் வாசிக்கும்." கோடி வீட்டில் இருந்தவருக்குக் காது கேட்காது. கேட்காதவர் போல நடித்தாரா என்பதை முத்தலிப்பால் தீர்மானிக்க முடியவில்லை.

ஒருநாள் துணிந்து வேலையை விட்டுவிட்டு வயலின் வரும் நேரத்துக்குப் பஸ் நிலையத்தடித் தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் இராசநாயகத்திடம் லைசன் இருந்தது. அதை எழுதிக் கொடுத்ததே முத்தலிப்தான். அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததும் இராசநாயகம் எட்டி றேடியோவை நூர்த்தார்; பெட்டி அடங்கியது.

"ஏன் நூத்தனீங்கள்? உங்களிட்ட லைசன் இருக்குத்தானே."

"இருக்கு ஐயா. எண்டாலும் உங்களைக் கண்டாக் கை தானாப் போகுது" என்று இராசநாயகம் தன் கையை ஓர் அந்நியனின் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு வெட்கப்பட்டுத் திரும்பவும் முடுக்கினார். அதற்குள் வயலின் போய் யாரோ பேசத் தொடங்கியிருந்தார்.

அன்று இரவு நஜ்முன் நிஸா, "பொறகு?" என்று கேட்டபோது முத்தலிப் வழக்கம் போலச் சிரிக்கவில்லை. "நான் போற இடமெல்லாம் சங்கீதம் சாகுது புள்ள" என்றார். அவள் சோற்றுச் சட்டியைத் துணியின் மேல் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து இருந்தாள்.

சல்லியில் வேறொரு விசித்திரம் இருந்தது. கடற்கரையோரம் கிடுகு வேலிகளுக்கு நடுவே போகும் ஒரே ஒரு மணல் தெரு. முப்பது வீடுகள் இருக்கும். முத்தலிப் தெரு முகப்பில் சைக்கிளை விட்டு இறங்கினால் முதல் வீட்டுப் பெண் கோழி கூப்பிடுவாள். "பா... பா... பா..." உடனே அடுத்த வீட்டுப் பெண்ணும் கூப்பிடுவாள். தெருக் கோடி வரைக்கும் கோழி அழைப்புப் போய்ச்சேரும். கோழி வளர்ப்பில் இவ்வளவு அக்கறை உள்ள மீனவச் சனங்களை அவர் வேறெங்கும் கண்டதில்லை. கந்தோரில்கூட ஒருமுறை அதைச் சொல்லி வியந்தார். அந்தத் தெருவில் தான் ஒரு கோழியையும் காணவில்லை என்பது அவர் புத்தியில் பட ஒன்றரை வருடம் பிடித்தது.

அறுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகை மாதம். வாடை தொடங்கிவிட்டது. கடல் ஒருநாள் இடம் கொடுக்கும், ஒருநாள் கொடுக்காது. அன்று கொடுக்கும் போலத்தான் இருந்தது. வானம் கழுவிவிட்டது போலக் கிடந்தது, காற்றுக்குச் சோம்பல். முத்தலிப் மூன்று மணி தாண்டிச் சல்லிக்குள் இறங்கினார். கோழி அழைப்பு ஓடியது. றேடியோக்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

ஒன்று மட்டும் அடங்கவில்லை.

நடுத்தெருவில், வலப்பக்கத்து வீடு. வயலின். ஏறிக்கொண்டிருந்தது. அவர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுப் படலைக்கு முன்னால் நின்றார். இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று நெஞ்சு அடித்தது. நிற்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து, "பூரணம்! பூரணமக்கா! கோழியைப் பிடியணை!" என்று ஒரு குரல் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது. அதற்கும் நிற்கவில்லை.

அவர் படலையைத் திறந்தார். வீட்டுக்குள் அலுமாரி மேல் றேடியோ. அதற்குக் கீழே கதிரையைப் போட்டு, காதை மேலே கொடுத்தபடி ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அவரைக் கண்டதும் எழும்பவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள்.

"லைசன் இல்லை ஐயா. எழுதிறதெண்டா எழுதுங்கோ. இப்ப மட்டும் கதைக்காதேங்கோ."

முத்தலிப் வாசலிலேயே நின்றார். வயலின் அந்தத் தயங்கும் இடத்துக்கு வந்தது. தயங்கியது. பிறகு அவருடைய வாழ்நாளில் முதல் தடவையாக அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

மூன்று நான்கு வருடமாக அதன் மீதியை அவர் தனக்குள் வாசித்துப் பார்த்திருந்தார். பாதையில் நிற்கும்போது, பஸ்ஸில், தொழுதுவிட்டு வரும் வழியில். அவர் கட்டியிருந்த மீதி இன்னும் மேலே மேலே ஏறும். உண்மையில் அது ஏறவில்லை. திரும்பி இறங்கி வந்து, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடியது. வீட்டுக்குள் எதையோ வைத்துவிட்டு எங்கே வைத்தோம் என்று பார்க்கிறவர்கள் பார்ப்பது போல. அவர் நினைத்ததைவிட எளிமையாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனாலும் அவருக்குக் கண் கலங்கியது. கற்பனை செய்த ஒன்றைவிட இருக்கிற ஒன்று மட்டமாக இருந்தாலும், இருக்கிறது என்பதற்கு ஒரு கனம் உண்டு.

தேடிக்கொண்டிருந்தபோதே வயலின் அறுந்தது. யாரும் நூர்க்கவில்லை. அறிவிப்பாளரின் குரல் வந்து குறுக்கே விழுந்தது. வானிலை அறிக்கை. திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கடற்பரப்பில் இன்று மாலையிலிருந்து திடீர்க் கடுங்காற்று வீசலாம். மீனவர்கள் கடலுக்குப் போகவேண்டாம். எச்சரிக்கை நான்கு மணிக்கு மீண்டும் சொல்லப்படும்.

பூரணம் எழும்பினாள்.

"இப்ப வள்ளம் தள்ளுற நேரம். இவரும் கரையிலதான் நிக்கிறார்." பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "கரையிலயும் ஒரு றேடியோ இருக்கு. கேட்டிருப்பினம். தெருவிலயும் எல்லாரும் கேட்டிருப்பினம்..." அந்த இடத்தில் பேச்சு நின்றது. வெளியே தெரு முழுவதும் செத்த அமைதி. அவள் முத்தலிப்பைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம். நீங்கள் வந்தியள். எல்லாரும் நூத்துப்போட்டினம்."

"கரையிலயுமா?"

"கோழிச் சத்தம் கரைக்குந்தான் போகும் ஐயா."

கோழி எதற்கு என்று அப்போதுதான் அவருக்கு முழுதாக விளங்கியது. வெட்கப்பட நேரமில்லை. அவருக்கே தெரியாமல் அவர் வாயிலிருந்து, "அந்த வயலின் என்ன?" என்று வந்தது.

"கடவுளே, இப்ப அதோ கேள்வி? சைக்கிளை எடுங்கோ! நான் ஓடிப் போறதுக்குள்ள அவை தள்ளிப்போடுவினம்."

மணல் தெருவில் சைக்கிள் பாதி ஓடியது, பாதி இழுபட்டது. கரையில் ஐந்து வள்ளங்கள் நின்றன. ஆட்கள் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் குடையும் தோல் பையுமாக ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவருவதைக் கண்டதும் ஒருவன் வலைக் குவியலின் மேல் போய்ச் சப்பாணி கட்டி உட்கார்ந்துகொண்டான். பூரணத்தின் புருஷன் முருகேசு முன்னால் வந்தார். உயரமான ஆள், சிரிப்பு வாயோரத்தில் எப்போதும் தயாராக இருக்கும்.

"வாங்கோ ஐயா, வாங்கோ. இஞ்ச றேடியோ ஒண்டும் இல்லை. கடலுக்குள்ள இருக்கெண்டு ஆரும் சொன்னவையோ?"

ஆட்கள் சிரித்தார்கள்.

"போகவேண்டாம்" என்றார் முத்தலிப். மூச்சு வாங்கியது. "காத்து வருகுதாம். பெருங்காத்து. இப்பதான் சொன்னது."

"ஆர் சொன்னது?"

"றேடியோவில."

"எங்க கேட்டனீங்கள்?"

"உங்கட வீட்டில. பூரணம்தான் அனுப்பினது."

முருகேசுவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் சுருங்கியது. "எங்கட வீட்டிலயோ? எங்கட வீட்டில ஏது ஐயா றேடியோ?"

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ஒருவர் முணுமுணுத்தார்: "வலு கெட்டிக்காரன். ஓமெண்டு சொன்னா உடன எழுதுவான்." இன்னொருவர் வானத்தைக் காட்டினார். "காத்தாம்! உந்த வானத்தைப் பாருங்கோ ஐயா. உங்கட வேட்டிகூட ஆடேல்லை." முருகேசு வள்ளத்தின் மேல் கை வைத்தார். "நேரமாகுது. தள்ளுங்கோடா."

மூன்று நான்கு வருடமாக இந்தச் சனங்கள் அவருக்குச் சொன்னது ஒரே பொய்தான். அவர் அதை நம்புவதும் இல்லை, கோபிப்பதும் இல்லை. இப்போது அவர் சொல்வது உண்மை. அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் அவர்கள் அந்தப் பொய்யை விடவேண்டும். அவரைக் கண்டு பயந்து பழகியவர்களுக்கு அது ஒரு நிமிடத்தில் முடிகிற காரியம் இல்லை. அவருக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. தன் தோள் பைமேல்தான் வந்தது.

பையைக் கழற்றினார். நோட்டீஸ் புத்தகத்தை எடுத்து முருகேசுவிடம் நீட்டினார்.

"இந்தப் புத்தகம் இல்லாமல் நான் ஒருத்தருக்கும் ஒண்டும் எழுத ஏலாது. பேனையும் இந்தாங்கோ. நாலு மணிக்குத் திரும்பச் சொல்லுவாங்கள். அதுவரைக்கும் நீங்கள் வச்சிருங்கோ. என்னை நம்பவேண்டாம். றேடியோவை நம்புங்கோ."

முருகேசு வாங்கவில்லை. முத்தலிப் புத்தகத்தையும் பேனாவையும் பக்கத்து வள்ளத்துக்குள் தானே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார். வேட்டி நனைந்தது. உத்தியோகத்தர் ஒருவர் அவர்களுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்ததை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு வலைக் குவியல் மேல் இருந்தவன், "எனக்கும் அடியில குத்துது" என்று எழும்பி, வலைக்குள் கையை விட்டு, சீலையால் சுற்றிய ஒரு சின்ன ட்ரான்சிஸ்டரை எடுத்தான். எல்லாரும் மூச்சை விட்டுச் சிரித்துவிட்டார்கள். முருகேசுதான் கடைசியாகச் சிரித்தார்.

நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ட்ரான்சிஸ்டரை வள்ளத்தின் முனையில் வைத்தார்கள். ஆண் குரலில் ஒரு பாட்டு வந்துகொண்டிருந்தது. யாரும் நூர்க்கவில்லை. என்ன பாட்டு என்று முத்தலிப் விசாரிக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுச் சலித்திருந்தார். அப்போது வலைக்காரன் தானாகவே சொன்னான்:

"இந்தப் பாட்டு வந்தா நான் ஒரு வேலையும் செய்யேலாது ஐயா. மூதூரில பொம்பிளை பாக்கப் போன நேரம் அந்த வீட்டில இதுதான் படிச்சுக்கொண்டிருந்தது."

"பாத்தது சரி. தந்தவையோ?" என்றார் ஒருவர்.

"தரேல்லை. பாட்டை மட்டும் தந்தவை."

"மூதூரில எந்தப் பக்கம்?" என்று முத்தலிப் கேட்டார். "நானும் மூதூர்தான். எங்கட ஊர் ஆக்கள் எப்பவும் அப்பிடித்தான், எனக்கும் தரேல்லை. அதுதான் கிண்ணியாவுக்குப் போனனான்."

இந்த முறை சிரிப்பில் அவரும் இருந்தார். பாட்டு முழுதாக ஓடி முடிந்தது. கடைசி அடி இரண்டு தடவை வந்து, மெல்லத் தேய்ந்து, முடிந்தே போனது. அவர் அந்த முடிவைத் தலையைக் குனிந்து கேட்டார்.

நான்கு மணிக்கு அறிக்கை வந்தது. அதே சொற்கள், அதே குரல். முருகேசு கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஏத்துங்கோடா மேல" என்றார். ஐந்து வள்ளங்களையும் தென்னைகள் வரைக்கும் ஏற்றினார்கள். முத்தலிப்பும் ஒரு பக்கம் பிடித்தார். அவர் பிடித்ததால் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. ஐந்து மணிக்குக் காற்று வந்தது. வேலிகளைப் பெயர்த்துக்கொண்டு, மணலை முகத்தில் எறிந்துகொண்டு வந்தது. அன்று கடலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நடக்காததற்குச் சாட்சி இல்லை. கீழே கட்டி மறந்துபோன ஒரு சின்னத் தெப்பத்தின் கட்டைகள் மூன்றாம் நாள் மூன்று இடங்களில் கிடைத்தன என்பது மட்டும் நடந்தது.

மழையில் முத்தலிப்பால் டவுனுக்குத் திரும்ப முடியவில்லை. பூரணம் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள். அவளே பேச்சை எடுத்தாள்.

"அறுபத்திநாலில என்ர தம்பி கடலுக்குப் போனவன் ஐயா, திரும்பி வரேல்லை. மார்கழிப் புயல். அதுக்கு முதல் நாள் றேடியோவில சொல்லியிருக்கிறாங்கள் எண்டு பிறகுதான் கேள்விப்பட்டனாங்கள். இந்தத் தெருவில அப்ப ஒரு றேடியோவும் இல்லை. அதுக்குப் பிறகுதான் வாங்கினது. வயலின் வாசிக்கிற நேரம் நான் காலநிலைக்குக் காத்துக்கொண்டிருப்பன். அது எப்ப முடியும் எப்ப முடியும் எண்டுதான் கேக்கிறது."

"முடியிறதுக்காகவா கேக்கிறீங்கள்?" முத்தலிப்புக்கு அதைச் செரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நான் அது எப்பிடி முடியும் எண்டு கேக்க நாலு வருசமா அலையிறன். நான் வந்த உடன எல்லாரும் நூத்துப்போடுவீங்கள்."

பூரணம் அவரை அதிசயமாகப் பார்த்தாள். "அது முடியிறதேயில்லையே ஐயா. நேரத்தை நிரப்பப் போடுறாங்கள். காலநிலை வந்த உடன நடுவில வெட்டிப்போடுவாங்கள். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். நான் எத்தினை வருசமாக் கேக்கிறன், முடிவை ஒருநாளும் கேக்கேல்லை."

அது அறுவது அவரால் அல்ல என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. முத்தலிப் கோப்பையைக் கீழே வைத்தார். சத்தம் வரக்கூடாது என்று பழக்கத்தில் மெல்ல வைத்தார். பிறகு எடுத்து, சாதாரணமாக, சத்தம் கேட்க வைத்தார்.

"நோட்டீஸ் எழுதத்தான் வேணும்" என்றார்.

"புத்தகம் வள்ளத்துக்குள்ள கிடக்கு காக்கா" என்றார் முருகேசு. "ஊறிப் புட்டாயிருக்கும்."

ஐயா, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போலக் காக்கா ஆனதை யாரும் குறித்துச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் புதுப் புத்தகத்தோடு வந்தார். கந்தோரில் நனைந்த புத்தகத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தார். தெரு முகப்பில் நின்று சைக்கிள் மணியை அடித்து, மாத முடிவுக்குள் லைசன் எடுங்கள், எடுக்காத வீட்டுக்கு எழுதத்தான் செய்வேன், அதுவரைக்கும் தயவுசெய்து ஒருவரும் நூர்க்காதேயுங்கள், மூன்றரைக்கு எந்தக் காரணத்துக்காகவும் நூர்க்காதேயுங்கள் என்று சொன்னார். பூரணம் முதல் ஆளாகப் போய் எடுத்தாள். வலைக்காரன் எடுத்தான். எல்லாரும் எடுக்கவில்லை; எடுக்காத மூன்று வீட்டுக்கு அவர் எழுதினார், அந்த மூன்று வீட்டாரும் அவரோடு ஒரு வருடம் பேசவில்லை. ஆனால் றேடியோ நிற்கவில்லை. மற்ற வீடுகளில் அவர் வேலியோரம் போனால், "காக்கா, இந்தப் பாட்டைக் கேட்டுட்டுப் போங்கோ, எங்கட மூத்தவள் இதுக்குத்தான் நித்திரை கொள்ளுவாள்" என்பது போல ஏதாவது ஒன்று உள்ளேயிருந்து வரும். டவுனில் அவருக்கு முன்னால் தெருக்கள் தொடர்ந்து அடங்கிக்கொண்டுதான் இருந்தன. அதை மாற்ற அவரால் முடியவில்லை, முயலவுமில்லை. ஒரு மனிதருக்கு ஒரு தெரு திறந்தால் போதும்.

எழுபத்துநாலில் மாமனார் காலமானார். நாற்பதாம் நாளுக்குப் பிறகு நஜ்முன் நிஸாவின் பெயரில் முத்தலிப் முதல் லைசனை எழுதினார். எண்பத்தொன்றில் ஓய்வு பெற்றார். அந்த வயலின் எப்போதோ நின்றுவிட்டது. வேறு ஏதோ போட்டு நேரத்தை நிரப்பினார்கள். அதன் பெயர் கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியவரவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அறுபத்தொன்பதாம் ஆண்டில், பெருநாளுக்குச் சீலை எடுக்க மனைவியை டவுனுக்குக் கூட்டிவந்த அன்று, கடையில் நேரத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு இடத்துக்குப் போவம், வா" என்றார். பஸ்ஸில் போய் இறங்கிச் சல்லிக்குள் நடந்தார்கள். தெரு முகப்பில் முதல் வீட்டுப் பெண் அவர்களைக் கண்டாள்.

"பா... பா... பா..." என்று கூப்பிட்டாள். அடுத்த வீடும் கூப்பிட்டது. தெருக் கோடி வரைக்கும் கோழி அழைப்பும் சிரிப்பும் சேர்ந்து ஓடின. நஜ்முன் நிஸா பயந்து அவர் கையைப் பிடித்தாள். எந்த றேடியோவும் நிற்கவில்லை. ஒரே வயலின் இடப்பக்கத்து வீட்டிலும் வலப்பக்கத்து வீட்டிலும் முன்னாலும் பின்னாலும் ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் நடக்க நடக்க அதுவும் கூடவே வந்தது.

"வாங்கோ தங்கச்சி" என்று பூரணம் கதிரையை அலுமாரிக்குக் கீழே இழுத்துப் போட்டாள். நஜ்முன் நிஸா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எத்தனையோ இரவு சொல்லிக் காட்டிய இடம் வந்தது. தயங்கியது. தாண்டியது. திரும்பி வந்து சுற்றிச் சுற்றித் தேடியது. அவள் கண்ணை மூடியிருந்தாள். முத்தலிப் வயலினைக் கேட்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் அறுந்தது.

அவள் கண்ணைத் திறந்து, எல்லா இரவும் கேட்டது போலவே, ஆனால் இந்த முறை குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள்: "பொறகு?"

"பிறகு காலநிலை" என்றாள் பூரணம். "கேளுங்கோ."

மூவரும் கேட்டார்கள். படலைக்கு வெளியே துடுப்பைத் தோளில் வைத்தபடி முருகேசு நின்று, "என்னவாம்?" என்று கத்தினார்.

"கடல் நல்லமாம்!" என்று முத்தலிப் உள்ளேயிருந்து கத்தினார். "போகலாமாம்!"